வெளிச்சம் மாமாவும் என் மூன்று கண் போனும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, விளக்கு வைத்த பிறகு எடுத்த போட்டோவில் யாருடைய முகமாவது முகமாகத் தெரிகிறது என்றால், அதை எடுத்தவர் வெளிச்சம் மாமாவாகத்தான் இருக்கும். மற்றவர்கள் எடுத்ததெல்லாம் பேய்ப் படம். நான் எடுத்ததும் அதில் சேர்த்தி. இதை வயிறெரிந்துதான் எழுதுகிறேன். புகழ்ச்சி போலத் தெரிந்தால் அது உங்கள் கண் கோளாறு.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே பிரிவு, எதிரெதிர் மேசை. இருவரும் சிதம்பரத்துக்காரர்கள் என்பதால் காலையும் மாலையும் ஒரே பஸ். எந்த இடத்துக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வெளிச்சம் எங்கேருந்து வருது?" கல்யாண மண்டபத்தில் கேட்பார், பல் டாக்டரிடம் கேட்பார், புதிதாக வந்த அதிகாரியின் அறையில் வணக்கம் சொல்வதற்கு முன்னால் கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாமா என்பேன். எங்கள் பக்கத்தில் பாதி ஊர் அப்படித்தான்.

ஆளைப் பார்த்தால் போட்டோ எடுப்பவர் என்று சொல்ல மாட்டீர்கள். கொக்குக் கழுத்து, எந்நேரமும் சட்டைப்பையில் ஒரு துண்டு பனியன் துணி. தோள் பையில், அவர் மனைவியின் பழைய ரவிக்கைத் துணியில் தைத்த சின்ன மூட்டை. அதற்குள் பச்சரிசி. போனை எங்காவது நிறுத்தி எடுக்கவேண்டும் என்றால் அந்த மூட்டையைக் குத்திக் குழியாக்கி அதில் போனைச் சாய்த்து வைப்பார். "ஸ்டாண்டு வாங்கிக்கலாமே மாமா" என்று கேட்டால், "ஸ்டாண்டு ஆடும் மச்சான், அரிசி ஆடாது" என்பார். அந்தப் போனையும் சொல்லவேண்டும். முன்கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல். முதுகில் ஒரே ஒரு கேமரா. மூடி கழன்று விழாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டு.

இந்தப் போனிடம்தான் நான் தோற்றேன்.

தோல்வி தொடங்கிய இடம் தேவனாம்பட்டினம். ஒரு மாலை ஆபீஸ் முடிந்ததும் நாங்கள் சிலர் கடற்கரைக்குப் போனோம். சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கிவிட்டது. கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கரையில் இழுத்துப் போட்ட படகில் உட்கார்ந்து ஒருவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனை எடுத்தோம். நான் நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்து எடுத்தேன். ஒரு கரிமூட்டைமேல் இன்னொரு கரிமூட்டை உட்கார்ந்திருப்பதுபோல வந்தது.

வெளிச்சம் மாமா ஜூம் பக்கமே போகவில்லை. "ஆண்டவன் காலு குடுத்திருக்கான், கிட்டப் போறதுக்கு இன்னா?" என்று சொல்லிக்கொண்டே படகுக்கு நடந்தார். வலைக்காரரை மேற்கே பார்த்து உட்காரச் சொன்னார். மிச்சமிருந்த வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. பிறகு மணலில் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கையையும் ஊன்றி, மூச்சை அடக்கினார்.

"இன்னா சார், மயக்கமா?" என்றார் வலைக்காரர்.

"பேசாத மச்சான். பேசினா தாடி ஆடுது."

அந்தப் படத்தில் வலை முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. தாடியில் ஒட்டியிருந்த மணல் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த மனிதர் பார்த்த பார்வை தெரிந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு இதயமாகக் கொட்டியது. என் படத்துக்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதைப் போட்டவர் எங்கள் ஓய்வுபெற்ற சூப்பிரண்டு. அவர் இரங்கல் செய்திக்கும் கட்டைவிரல்தான் போடுவார்.

மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? புதுப் போன் வாங்கினேன். முதுகில் மூன்று கேமரா. இருட்டில் எடுப்பதற்கென்றே தனி வசதி உண்டு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். மறுநாள் பஸ்ஸில், தற்செயலாக எடுப்பதுபோல அதை வெளிச்சம் மாமாவின் கண்ணுக்கு எதிரே எடுத்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மனசு குளிர்ந்தது.

"மூணு கண்ணு இருக்கு மச்சான்" என்றார். "மூணுலயும் பூ விழுந்திருக்கு."

சட்டைப்பையிலிருந்து பனியன் துணியை எடுத்து, கண் ஆபரேஷன் முடிந்த நோயாளியைத் துடைப்பதுபோல ஒவ்வொரு லென்சாகத் துடைத்தார். துணியில் எண்ணெய்ப் பிசுக்கும் திருநீறும் வந்தன. பின் சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆலப்பாக்கம் வரும்வரை நான் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதுப் போனிலும் என் படங்கள் பழையபடிதான் வந்தன. முன்பு சின்னதாக வந்த பேய் இப்போது பெரியதாக, தெளிவில்லாமல் வந்தது. அவரைக் கேட்கவும் மனசு வரவில்லை. கேட்காமலே அவர் சொல்வார், அதுதான் கொடுமை. "முழங்கைய விலாவோட ஒட்டு. கோழி றெக்கையாட்டம் விரிச்சா போன் ஆடும்." "பட்டன அமுக்கறப்பதான் கை ஆடுது, டைமர் போட்டுட்டுக் கையக் கட்டிக்கினு நில்லு." "மூஞ்சியத் தொடு, அப்புறம் பிரகாசத்தக் கொஞ்சம் கீழ இழு. ஜாஸ்தி ஆசைப்பட்டா எல்லாம் வெளுத்துடும்." இதெல்லாம் தனியாகச் சொன்னால் பரவாயில்லை. கேன்டீனில், எல்லோர் முன்னாலும், சோற்றுக் கையோடு சொல்வார்.

மங்கலம்பேட்டையில் எங்கள் அலுவலக நண்பர் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில். பின்னால் சீரியல் பல்பு, முகத்தில் இருட்டு. நாங்கள் பரிசு கொடுத்துவிட்டுப் பல்லைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டோம். வெளிச்சம் மாமா இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து, பக்கச் சுவரில் இருந்த டியூப்லைட் பக்கமாகத் திருப்பினார். பெண்ணின் தாய்மாமன் சண்டைக்கு வந்துவிட்டார். "யோவ், யாருய்யா நீ, மாப்ள மொகத்துல கைய வைக்கிற?" வெளிச்சம் மாமா படத்தை எடுத்து அவரிடம் காட்டினார். தாய்மாமன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் தாடையை நீட்டினார். அன்று பந்தியில் வெளிச்சம் மாமாவுக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது பிரியாணி வந்தது. எனக்குக் கத்தரிக்காய் மட்டும் வந்தது.

சேத்தியாத்தோப்பு சாவு இதைவிடப் பெரிது. எங்கள் சக ஊழியரின் அப்பா, கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்து நிறைவாக வாழ்ந்து போனவர். மாலை மங்கும் நேரம் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். வெளியூரிலிருந்து எல்லோரும் வந்துவிட்டதால், பெரியவரோடு குடும்பம் முழுதும் நின்று கடைசியாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். வெளிச்சம் மாமாவைப் பார்த்தார்கள். அவர் அரிசி மூட்டையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பந்தலைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தால் மூட்டை பிரிந்து கிடந்தது. வாய்க்கரிசிக்கு வைத்தது என்று யாரோ எடுத்துத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டார்கள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் என் அரிசி என்று கேட்க முடியுமா? பேசாமல் வரிசையில் நின்று, தன் அரிசியைத் தானே ஒரு கை வாங்கி, பெரியவர் வாயில் போட்டுக் கும்பிட்டார். அப்புறம் பந்தல் காலில் சாய்ந்துகொண்டு படம் எடுத்தார். அழுகிறவர்கள் குலுங்கினார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். படத்தில் எல்லோரும் புகையாக விழுந்தார்கள். பெரியவர் மட்டும் புருவ முடி வரை துல்லியமாக இருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் ஆறுதல் சொல்வதுபோல, "இன்னைக்கு சரியா வரல இல்ல மாமா" என்றேன். உள்ளே தேன் குடித்தது போலிருந்தது.

"ஆமா மச்சான்" என்றார் வருத்தமாக. "அவ்ளோ பேருல பெரியவரு மட்டும்தான் ஒத்துழைச்சாரு."

அந்தத் தேனும் நிலைக்கவில்லை. அந்த மகன், அதுதான் எங்கள் சக ஊழியர், பெரியவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். அப்பா உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு லட்சணமாக ஒரு படம் அமையவில்லை என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார்.

வெளியே நடந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். கார்த்திகை தீபத்தன்று என் மனைவி வளர்மதி வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் மூன்று கண்ணையும் திறந்து எடுத்தேன். மஞ்சள் காமாலை வந்த யாரோ ஒருத்தி தீக்குளிப்பதுபோல வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணன் வீட்டுல இருந்தா ஒரு நடை வரச் சொல்லுங்க" என்றாள்.

அவள் அண்ணன் என்று கூப்பிடும் வெளிச்சம் மாமா வந்தார். ஏழெட்டு அகலை நகர்த்தி ஒரே பக்கமாக வைத்தார். வாசற்படியில் போனை அழுத்தி வைத்து டைமர் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவளிடம் எங்கள் வீட்டு அடை பற்றி ஏதோ கேட்டார். அவள் சிரித்தாள். படம் விழுந்தது.

அன்று இரவு முழுக்க அவள் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் கன்னத்துல குழி விழும்னு இத்தினி வருஷத்துல இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள்.

குழி விழும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே தெரியும். போட்டோவில் காட்டத்தான் தெரியவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் டீக்கடையில் ஒன்றைப் பார்த்தேன். வெளிச்சம் மாமா டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்தார். மறுநாளும் அப்படியே. பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுக்கும்போது கை மெல்ல ஆடியது. உடனே பைக்குள் விட்டுக்கொண்டார். ஆபீசில் வேறு யாரும் கவனிக்கவில்லை. பிரியமாக இருப்பவர்கள் ஒரு ஆளை அப்படியெல்லாம் உற்றுப் பார்ப்பதில்லை. பொறாமைக்காரன்தான் பார்ப்பான். அவர் கையை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அவர் படம் எடுப்பதை நிறுத்தினார். கேட்டவர்களிடம் "போன் ரிப்பேரு" என்றார். குழுவில் அவர் படம் வருவது நின்றது. அந்த இடைவெளியில் நான் முதுநகர் துறைமுகத்தில் மாலை நேரத்தில் எடுத்த ஒரு படத்தைப் போட்டேன். அவர் சொன்னபடி விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, முழங்கையை ஒட்டி, லென்சைத் துடைத்து எடுத்தது. நன்றாகவே இருந்தது. இதயங்கள் வந்தன. எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. போட்டிக்கு ஆளில்லாத ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு வாங்கினால் அதை எங்கே மாட்டுவது? அவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குறை இருந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் என் மகள் நித்யாவுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்தார். புறப்பட வேண்டிய நாளில் புயல் வந்து விமானம் நின்றுபோனது. சிதம்பரத்தில் விடாத மழை, கரண்ட் இல்லை. எங்கள் வீடு வெயில் நாளிலேயே மங்கல்தான். வீடியோவில் பேசினால் குழந்தை கட்டம் கட்டமாகத் தெரிந்து மறைந்தது. மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான், குழந்தை முகம் தெளிவாக ஒரு போட்டோ.

நான் எடுத்து அனுப்பினேன். "மாமா, இதுல கொழந்த எது, தலகாணி எது?" என்று கேட்டார்.

பிளாஷ் போட்டு எடுத்தேன். குழந்தை வீறிட்டது. நித்யா என்னை முறைத்தாள். "பச்சக் கொழந்த கண்ணுல லைட்டு அடிப்பியாப்பா?" அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் இன்னும் குழந்தை முகத்தைப் பார்க்கவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். வளர்மதி பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

போன் செய்தேன்.

"போன் ரிப்பேருல இருக்குது மச்சான்" என்றார் வெளிச்சம் மாமா.

"ரிப்பேரு போன்லதான மாமா பேசிக்கிட்டிருக்கீங்க?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"போன் இல்ல, கைதான்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"யாருகிட்டயும் சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஜன்னலத் தொறந்து வை, வரேன்" என்றார்.

தெற்கு வீதியிலிருந்து முழங்கால் தண்ணீரில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குடைக்குள் போனை மட்டும் நனையாமல் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலை துவட்டுவதற்குள் அந்தக் கேள்வி. ஜன்னலிலிருந்து வருகிறது என்றேன். நித்யாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தார். குழந்தையை மடியில் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். என் வெளுத்த வேட்டியை விரித்து எதிர்ப்பக்கம் வளர்மதி கையில் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சம் வேட்டியில் பட்டுக் குழந்தையின் மறுகன்னத்திலும் விழுந்தது. அதுவரை தலையணையாக இருந்தது குழந்தையாக மாறியது.

போனைத் தூக்கினார். கை ஆடியது. நாற்காலி முதுகில் வைத்துப் பார்த்தார், உயரம் போதவில்லை. அலமாரியில் வைத்துப் பார்த்தார், தூரமாகிவிட்டது. நித்யாவும் வளர்மதியும் அவர் கையைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். முகம் சுருங்கியது.

"மாமா, இதுல வைங்க" என்று போய் அவர் முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவில்லை. வீட்டில் சரியான உயரத்தில் இருந்தது என் தோள்தான்.

அவர் போனை என் தோளில் வைத்து அழுத்தினார். ரப்பர் பேண்டு கழுத்தில் உரசியது. "கொஞ்சம் குனி. ஜாஸ்தி குனியாத. மூச்ச அடக்கு" என்றார். அடக்கினேன். "மூக்கு விசிலடிக்குது மச்சான்." வாயாலும் விடாமல் அடக்கினேன். குழந்தை கையை ஆட்டியது, காலை உதைத்தது. அதை அவர் அதட்டவில்லை, காத்திருந்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தை ஒரு பெரிய கொட்டாவி விட்டு, முடித்து, அடுத்தது என்ன என்பதுபோல ஒரு கணம் அப்படியே பார்த்தது.

"ஆச்சு" என்றார்.

இமை மயிர் எல்லாம் விழுந்திருந்தது. டவர் கிடைத்து அது போய்ச் சேர வெகு நேரம் ஆனது. மாப்பிள்ளையிடமிருந்து எழுத்தாக ஒன்றும் வரவில்லை. குரல் செய்தி வந்தது. அதில் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். நித்யா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

இதோடு முடித்திருக்கலாம். வெளிச்சம் மாமா அந்தப் படத்தை ஆபீஸ் குழுவிலும் போட்டார். கீழே "போட்டோ: வெளிச்சம்" என்று எழுதி, அதற்கும் கீழே "ஸ்டாண்டு: மச்சான்" என்று எழுதியிருந்தார். என் பேத்தி, என் வீடு, என் வேட்டி. நான் ஸ்டாண்டு. இதயங்களெல்லாம் யாருக்கு வந்தன என்று நான் சொல்லவேண்டியதில்லை. வளர்மதி மட்டும் அன்று என்னிடம், "நீங்களும் நல்லாத்தான் நின்னீங்க" என்றாள்.

மழை விட்டதும் அவரைப் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். பயப்படும்படி ஒன்றுமில்லையாம், வெறும் நடுக்கம்தானாம். மாத்திரை கொடுத்தார்கள். குறையும், முழுதாகப் போகாது என்றார்கள். டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் அந்த அறையில் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மாலை நேரங்களில் அவர் என்னையும் இழுத்துக்கொண்டுதான் போகிறார். புதிதாக நிரப்பிய அரிசி மூட்டைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. என் மூன்று கண் போன் சட்டைப்பையில் சும்மா கிடக்கிறது. குழுவில் இப்போதும் அவர் பெயர்தான், எனக்கு இப்போதும் எரியத்தான் எரிகிறது. போன வாரம் கீழ வீதியில், தூறல் விட்ட சாயங்காலம், ஒரு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு அம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் மாமா போனை என் தோளில் வைத்து அழுத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு என் வலது காதில் வந்து உட்கார்ந்தது. குடித்து முடித்து அதுவாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.